கையுறை போட்ட கைகள்: டிஸ்னி ஸ்டுடியோவில் பெயர் வராதவர்களின் வேலை

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் டிஸ்னி ஸ்டுடியோவின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படமான 'ஸ்னோ ஒயிட்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. படத்தின் தொடக்கத்தில் ஒரு நன்றி அட்டை வரும். என் ஊழியர்களின் விசுவாசமும் படைப்பு முயற்சியும் இல்லாமல் இந்தப் படம் இல்லை, அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி என்ற பொருளில் வால்ட் டிஸ்னி பெயரில் வரும் அட்டை அது. நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் அதில் ஊழியர் பெயர் ஒன்றுகூட இல்லை.

அடுத்த அட்டைகளில் இயக்குநர்கள், அனிமேட்டர்கள், கதைப் பிரிவினர், பின்னணி ஓவியர்கள் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஸ்னோ ஒயிட்டுக்குக் குரல் கொடுத்த ஏட்ரியானா காசலாட்டியின் பெயர் வராது. திரையில் நாம் பார்க்கும் ஒவ்வொரு கோட்டையும் மையால் இழுத்த பெண்கள், ஒவ்வொரு நிறத்தையும் நிரப்பிய பெண்கள் பெயர்களும் வராது. அந்தத் துறையின் தலைவி ஹேசல் சீவெல் ஒருவர் மட்டும் கலை இயக்குநர்களின் பட்டியலில் இருக்கிறார். அனிமேட்டர் பென்சிலால் வரைந்த படம் நேராகத் திரைக்கு வருவதில்லை. அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களின் வேலை எப்படிப்பட்டது, எங்கே பிசகும், பிசகினால் என்ன தெரியும் என்று விவரமாகச் சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

முதலில் அளவு. படம் 83 நிமிடம். நொடிக்கு 24 ஃப்ரேம். பெருக்கினால் ஏறக்குறைய 1,20,000 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்றும் கணக்கு நிற்காது. ஸ்னோ ஒயிட் ஒரு தாளில், குள்ளர்கள் வேறு தாளில், குறுக்கே பறக்கும் பறவை இன்னொரு தாளில் இருக்கும். அந்த ஒளிபுகும் மெல்லிய தாளைத்தான் 'செல்' என்பார்கள்; செல்லுலாய்டின் சுருக்கம். மெதுவான அசைவுக்கு ஒரே செல்லை இரண்டு ஃப்ரேம் வைத்துக்கொள்ளலாம். ஓட்டம், நடனம், கேமரா நகர்வு என்றால் ஃப்ரேமுக்கு ஒன்று வேண்டும். இரண்டிரண்டாக வைத்தால் பின்னணி நகரும்போது பாத்திரம் தரையில் வழுக்குவதுபோலத் தெரியும்.

டிஸ்னி சகோதரர்கள் 1923 அக்டோபரில் கிங்ஸ்வெல் அவென்யூவில் தொடங்கியபோது துறை என்று எதுவும் கிடையாது. முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் காத்லீன் டாலர்டும் லில்லியன் பவுண்ட்ஸும் மை இழுக்கவும் நிறம் நிரப்பவும் வந்தவர்கள். லில்லியன் 1925-இல் வால்ட்டை மணந்தார். ஹேசல் சீவெல் அவருடைய அக்கா. 1928-இல் 'பிளேன் கிரேஸி' படத்துக்காக வால்ட்டின் ஆரம்பகால அனிமேட்டர் அப் ஐவர்க்ஸ் ஒரு நாளில் 700 படங்கள் வரைந்தார் என்பது இன்றும் சொல்லப்படுகிறது. அந்த ஒவ்வொரு தாளையும் வேறு ஒரு கை செல்லில் ஏற்றியாக வேண்டும் என்பதை அந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 18-இல் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் படமும் இசையும் ஒட்டி நின்றதற்குக் காரணம் ஸ்டுடியோ ஊழியர் வில்ஃப்ரெட் ஜாக்சன் கொண்டுவந்த மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி. ஒலிப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும், ஆக நிமிடத்துக்கு 1,440. 12 ஃப்ரேமுக்கு ஒரு தாளம் என்றால் நிமிடத்துக்கு 120 தாளம்; 16 ஃப்ரேம் என்றால் 90. தாளத்தை ஃப்ரேமாக மாற்றத் தெரிந்துவிட்டால் மிக்கியின் கால் எந்தப் படத்தில் தரையைத் தொட வேண்டும் என்று வரைவதற்கு முன்பே எழுதிவிடலாம். அந்தக் கணக்குதான் பிறகு எக்ஸ்போஷர் ஷீட்டாக வளர்ந்தது. ஒரு வரிக்கு ஒரு ஃப்ரேம். அடி செல், நடு செல், மேல் செல், பின்னணி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி. ஓரத்தில் கேமராக் குறிப்பு. வேலைநேரம் முழுக்க எல்லாத் துறையும் பார்த்துக்கொண்டிருந்த தாள் இதுதான்.

அனிமேட்டர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். நடுவில் வர வேண்டியவற்றை இடைப்படம் வரைபவர் போடுவார். தொழிலில் இன்பிட்வீனர் என்று பெயர். இரண்டு படங்களுக்கு நடுவே சரிபாதியில் ஒரு கோடு போட்டால் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரு தலை இடமிருந்து வலம் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கின் நுனி நேர்கோட்டில் போகாது, கொஞ்சம் தாழ்ந்து வில்லாக வளைந்து போகும். சரிபாதியில் வைத்தால் தலை நடுவில் சுருங்கி மறுபடி வீங்கும். ஒரு தாளில் பிசகினால்கூடக் கண்ணுக்குத் தட்டும். கீழே விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் தாள்மேல் தாள் வைத்து, மேல்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வரைய வேண்டும். மாலைக்குள் கண் எரியும். டைரஸ் வாங் 1938-இல் ஸ்டுடியோவில் சேர்ந்தது இந்த வேலைக்குத்தான். அவர் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

பென்சில் படங்களை முதலில் அப்படியே படம் பிடித்து ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சிறிய திரையிடும் அறைக்கு 'வியர்வைப் பெட்டி' என்று பொருள்படும் பெயர். காற்று வராத அறை, வால்ட் உட்கார்ந்து பார்ப்பார், வரைந்தவருக்கு வியர்க்கும். அங்கே தேறிய காட்சிதான் மை துறைக்கு வரும்.

மை இழுப்பவரின் பலகையில் முளைகள் இருக்கும். பென்சில் படத்தின் துளைகள் அவற்றில் பொருந்தும், அதன்மேல் செல்லின் துளைகள் பொருந்தும். இந்த முளைதான் முழுத் தொழிலுக்கும் ஆதாரம். அனிமேட்டர் மேசையில் உள்ள அதே முளை மை மேசையில், சரிபார்ப்பு மேசையில், கேமராவின் அடியில் வரை ஒரே அளவில் இருக்கும். துளை தளர்ந்த செல் அரை மில்லிமீட்டர் ஆடினாலும் போச்சு. ஏறக்குறைய 12 அங்குல அகலப் படம் 30 அடித் திரையில் விழுகிறது என்று வையுங்கள். 30 மடங்கு. மேசையில் 1 மில்லிமீட்டர் திரையில் 3 சென்டிமீட்டர்.

கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் பகுதிகளை வெட்டியெடுத்திருப்பார்கள். பேனா பிடிக்கும் விரல்கள் வெளியே இருக்கும், செல்மேல் உரசும் மற்ற இரண்டும் துணிக்குள் இருக்கும். தோலின் எண்ணெய் செல்லில் பட்டால் அந்த இடத்தில் மை பிடிக்காது, ஒதுங்கிப் புள்ளி புள்ளியாகச் சேரும். பிடித்தாலும் விரல்ரேகை கேமரா விளக்கில் பளிச்சென்று தெரியும்.

காகிதம் மையை உறிஞ்சும். செல் உறிஞ்சாது, மை மேலேயே நிற்கும். எனவே தயங்கினால் அங்கே ஒரு குமிழ். வேகம் மாறினால் தடிமன் மாறும். கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெலிய வேண்டும் என்றால், நிப்பின் அழுத்தத்தை ஒரே மூச்சில் கூட்டிக் குறைக்க வேண்டும். மணிக்கட்டால் இழுத்தால் நீண்ட வளைவு உடையும், அதனால் முழங்கையும் தோளும் சேர்ந்து நகர வேண்டும். பிசகிய கோட்டைக் காய்ந்தபின் சுரண்டி எடுக்கலாம்தான். ஆனால் சுரண்டிய கீறலும் விளக்கில் மின்னும்.

இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. பென்சில் கோட்டுக்கே ஒரு அகலம் இருக்கிறது. அதன் உள்விளிம்பில் மை இழுப்பதா, வெளிவிளிம்பிலா, நடுவிலா? ஒரு படத்தில் உள்ளே, அடுத்ததில் வெளியே என்று போனால் ஓட்டும்போது முகத்தின் விளிம்பு கொதிப்பதுபோல நடுங்கும். அசையாமல் நிற்கும் பாத்திரத்தில் இது இன்னும் மோசமாகத் தெரியும். ஒரு காட்சியின் நூற்றுக்கணக்கான செல்களில் முதல் செல்லில் எடுத்த முடிவைக் கடைசி செல் வரை மறக்காமல் இருக்க வேண்டும். ஒரே காட்சி இரண்டு பேரிடம் பிரிந்துபோனால் இருவர் கையும் ஒரே கையாகத் தெரிய வேண்டும். இதைப் பிரதியெடுக்கும் வேலை என்று எழுதுகிறவர்கள் ஒரே ஒரு செல்லில் ஒரே ஒரு புருவத்தை இழுத்துப் பார்க்கலாம்.

கோடு எல்லாம் கருப்பும் இல்லை. தோலின் விளிம்புக்குப் பழுப்பு, உடையின் விளிம்புக்கு அந்த உடை நிறத்தின் கருத்த சாயல் என்று ஒரே முகத்துக்குப் பல மைகள் மாறும். அதனால்தான் ஸ்னோ ஒயிட்டின் முகம் வெட்டி ஒட்டியதுபோல இல்லாமல் மென்மையாக இருக்கிறது.

மை காய்ந்ததும் செல்லைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பெயிண்ட். முன்பக்கம் மைக்கோடு இருப்பதால் பின்னால் நிறம் கோட்டின் அடியில் கொஞ்சம் நுழைந்தாலும் தெரியாது, தாண்டினால்தான் தெரியும். இந்தப் பெயிண்டைச் சுவருக்கு அடிப்பதுபோல அடிக்கக் கூடாது. தூரிகையில் நிறைய எடுத்துச் சொட்டாக வைத்து, அந்தச் சொட்டைக் கோட்டின் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். தேய்த்தால் தூரிகைத் தடம் விழும், தடத்தின் வழியே வெளிச்சம் ஊடுருவும். மெல்லியதாகப் போனால் ஊசித்துளை. தடித்துப் போனால் காய்ந்தபின் செல் வளையும்போது வெடிக்கும்; அல்லது கேமராவின் கண்ணாடி அழுத்தும்போது அடுத்த செல்லோடு ஒட்டிக்கொள்ளும். செல்லை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அதனால்தான். பெயிண்டில் பிணைப்பாக இருந்தது அரபிக் கோந்து. கோந்து தனியாகக் காய்ந்தால் நொறுங்கும், வளைந்துகொடுக்க ஈரங்காக்கும் பொருளும் கலக்க வேண்டும். அதுவும் கூடிப்போனால் பெயிண்ட் பிசுபிசுவென்றே இருக்கும்.

இந்தத் துறையின் நுட்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அடுக்குக் கணக்கு. செல் ஒளிபுகும் என்றாலும் முழுக்கத் தெளிவு இல்லை. ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும், சற்றே மஞ்சளும் காட்டும். மூன்று செல்லுக்கு அடியில் இருக்கும் சிவப்பு, மேல் செல்லில் உள்ள அதே சிவப்பைவிட மங்கும். ஒரு பாத்திரம் காட்சியின் நடுவில் அடி அடுக்கிலிருந்து மேல் அடுக்குக்கு மாறினால் சட்டையின் நிறம் சட்டென்று குதிக்கும். எனவே ஒரே சிவப்பை அடுக்குக்கு அடுக்கு வேறு கலவையில் செய்ய வேண்டும்; அடியில் போவது வெளிறியதாக, மேலே வர வர அசல் நிறமாக. அடுத்ததாக, காட்சியின் பாதியில் ஒரு பாத்திரம் வெளியேறிவிட்டால் அதன் செல்லை எடுத்துவிட முடியாது. எடுத்தால் மிச்சப் படம் முழுவதும் ஒரு கணத்தில் வெளுக்கும். அந்த இடத்தில் வெற்று செல்லை வைத்து அடுக்கின் எண்ணிக்கையைக் காக்க வேண்டும். திரையில் ஒன்றுமே நிகழவில்லை என்று நமக்குத் தோன்றுவதற்காக இத்தனை பேர் இத்தனை கணக்குப் போட்டார்கள்.

ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பு பெயிண்டில் வராது. விளிம்பு வைத்த வட்டமாகிவிடும். மை துறையின் ஹெலன் ஆகர், மெல்லிய பென்சில் நுனியில் பஞ்சைச் சுற்றிச் சாயத்தில் தொட்டு செல்லில் கன்னத்தை மெல்ல ஒற்றினார். ஒரு செல்லில் அழகாக வரும். அடுத்த செல்லில் சிவப்பு இம்மி நகர்ந்தால் கன்னம் முகத்தில் ஊர்வதுபோலத் தெரியும். வழிகாட்ட முளையும் இல்லை, பென்சில் கோடும் இல்லை. கண்ணளவிலேயே ஒவ்வொரு செல்லாகப் போட்டிருக்கிறார்கள்.

இனி ரூத்தி டாம்சன். 1910-இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கிங்ஸ்வெல் ஸ்டுடியோவுக்கு அருகில் குடியிருந்தார். 1935-இல் பெயிண்டராகச் சேர்ந்தார். பிறகு இறுதிச் சரிபார்ப்பு, பிறகு காட்சித் திட்டமிடல், பிறகு கேமரா நகர்வு. 1975-இல் ஓய்வு பெற்றார். இந்தத் தொழிலில் ஒரு படம் போகும் பாதையிலேயே ஒரு மனுஷியின் வேலைவாழ்க்கையும் நகர்ந்தது அபூர்வம்.

சரிபார்ப்பவர் காட்சியின் எல்லா செல்லையும் பின்னணியோடு சேர்த்து, எக்ஸ்போஷர் ஷீட்டின் வரிசையில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்ப்பார். ஒரு செல்லில் பொத்தானுக்கு நிறம் விட்டுப்போயிருக்கும். அது இருபத்து நாலில் ஒரு நொடி கண்சிமிட்டும். கை ஓர் அடுக்கிலும் கை பிடிக்கும் வாளி வேறு அடுக்கிலும் வரிசை மாறியிருந்தால் விரல்கள் வாளிக்குள் புதையும். பாத்திரத்தின் கால் பின்னணியின் படிக்கட்டில் பொருந்தாமல் மிதக்கும். ஷீட்டில் 47 என்று எழுதியிருக்கும், செல்லில் 74 என்று இருக்கும். இவை எல்லாம் கேமராவுக்குப் போகுமுன் பிடிபட வேண்டும். படம் பிடித்தபின் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காட்சியையே முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். ஒளிபட்ட ஃபிலிமை அழித்து எழுத முடியாது.

காட்சித் திட்டமிடல் கணக்கு வேலை. ஒரு நீண்ட பின்னணியை இடப்பக்கம் நகர்த்தினால் கேமரா வலப்பக்கம் போவதுபோலத் தெரியும். ஃப்ரேமுக்கு எவ்வளவு நகர்த்துவது? சட்டென்று முழு வேகத்தில் தொடங்கினால் படம் வெட்டி இழுக்கும். முதல் ஃப்ரேமில் மிகச் சிறிது, அடுத்ததில் கொஞ்சம் அதிகம் என்று ஏற்றி, முடியும்போது அதே மாதிரி இறக்க வேண்டும். வேலிக் கம்பிகள், மரங்கள் போன்ற செங்குத்துக் கோடுகள் இருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு ஃப்ரேம் நகர்வு கம்பிகளின் இடைவெளியில் பாதியை நெருங்கினால் கண் அடுத்த கம்பியை முந்தைய கம்பி என்று எண்ணிக் குழம்பும்; படம் படபடக்கும். அங்கே வேகத்தை மாற்ற வேண்டும், அல்லது கம்பிகளின் இடைவெளியைச் சீரில்லாமல் வரையச் சொல்ல வேண்டும். 1952-இல் ஹாலிவுட் கேமராக்காரர்களின் சங்கமான லோக்கல் 659 முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட மூன்று பெண்களில் ரூத்தி ஒருவர்.

கேமரா மேலே தொங்கும், படம் கீழே கிடக்கும். செல்களை அடுக்கி, மேலே கண்ணாடித் தட்டை இறக்கி அழுத்த வேண்டும். சரியாக அழுந்தாவிட்டால் மேல் செல்லின் நிழல் கீழே விழும். இரண்டு வழவழப்பான பரப்புகள் அரைகுறையாக ஒட்டினால் வானவில் வளையங்கள் தோன்றும். கண்ணாடியில் கேமராவின் பளபளப்பான பாகம் பிரதிபலிக்கும். லென்ஸுக்கு மட்டும் துளைவிட்ட கருப்பு அட்டையை மறைப்பாக வைப்பார்கள். செல்லை உரசினால் மின்னேற்றம் வந்து தூசியை இழுக்கும். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், துடைத்தால் மறுபடி மின்னேற்றம்.

இதோடு டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை. 1932-இல் 'ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்' மூன்று நிறப் பதிவில் வந்து, கார்ட்டூன் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கரையும் வாங்கியது. அசையாத படத்தை எடுப்பதால் அனிமேஷனுக்கு ஒரு எளிய வழி பின்னர் கிடைத்தது. கருப்பு வெள்ளை நெகட்டிவில் ஒரே படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பது. 'ஸ்னோ ஒயிட்' அப்படித்தான் எடுக்கப்பட்டது. 1,20,000 என்று சொன்ன ஃப்ரேம்களை மூன்றால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 3,60,000 முறை ஷட்டர் திறந்து மூடியிருக்கிறது. மூன்றுக்கு நடுவில் ஒரு செல் இம்மி நகர்ந்தால் விளிம்பில் நிறம் பிரியும். மின்னழுத்தம் இறங்கி விளக்கு மங்கினால் ஒரு நிறம் மட்டும் குறையும். இந்த மூன்று லட்சத்துச் சொச்சம் தடவையும் கை நடுங்காமல் செல்லை மாற்றியவர்களின் பெயரும் அந்தத் தொடக்க அட்டைகளில் இல்லை.

பலதளக் கேமராவைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டையான ஓவியத்தை நோக்கி கேமரா போனால் வீட்டோடு சேர்ந்து வானத்து நிலாவும் பெரிதாகும். நிஜத்தில் அப்படி ஆகாது. பில் கேரிட்டியின் குழு செய்த நிமிர்ந்த கேமராவில் மரம், வீடு, மலை, நிலா எல்லாம் தனித்தனித் தளங்களில், பெரும்பாலும் கண்ணாடியில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்டு இடைவெளி விட்டு நிற்கும். ஏழு தளம் வரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனி நகர்வு. முதலில் 1937-இல் 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் பயன்பட்டது. ஒரு தளத்துக்கு ஓர் ஆள் நின்று, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தன் தளத்தைக் குறித்த அளவு நகர்த்திவிட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு தடவை மறந்தால் அந்த மலை மட்டும் துள்ளும்.

1940-இல் ஸ்டுடியோ பர்பேங்கில் புதுக் கட்டடங்களுக்குப் போனது. அனிமேஷன் கட்டடத்துக்கும் மை, பெயிண்ட் கட்டடத்துக்கும் நடுவே சுரங்கப்பாதை வெட்டினார்கள். படங்கள் மழையிலும் தூசியிலும் வெளியே போகாமல் கடக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் ஒரு கட்டடம் என்ற பிரிவு அங்கேயும் அப்படியே தொடர்ந்தது. 1938-இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஸ்டுடியோ அனுப்பிய பதில் இன்று பரவலாக அறியப்பட்டது: படைப்பு வேலை முழுக்க இளைஞர்கள் செய்வது, பெண்களுக்குத் திறந்திருப்பது மையும் பெயிண்டும் மட்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

1941 மே 29-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஸ்டுடியோவின் சிறந்த அனிமேட்டர்களில் ஒருவரான ஆர்ட் பாபிட் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர். சம்பள ஏற்றத்தாழ்வு, சங்க அங்கீகாரம் ஆகியவற்றோடு திரையில் பெயர் வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. இதைச் சிலர் சின்ன விஷயமாகக் கடந்துபோகிறார்கள். 1930-களின் டிஸ்னி குறும்படங்களைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் வால்ட்டின் பெயரைத் தவிர ஓவியர் பெயர் ஒன்றும் வராது. ஓர் ஓவியருக்கு இன்னொரு ஸ்டுடியோவில் வேலை கேட்கவும் அந்தப் பெயர்தான் சான்று. என்ன செய்தாய் என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லாமல் பத்து வருஷம் வேலை செய்திருந்தார்கள். சங்கம் அங்கீகாரம் பெற்றது. காயம் இரு பக்கமும் ஆறாமல் நின்றது.

அந்தக் காயத்தில் அடிபட்டவர் டைரஸ் வாங். சீனாவில் பிறந்து, 1920-இல் சிறுவனாக அமெரிக்கா வந்தவர். இடைப்படம் வரைந்துகொண்டிருந்தபோது 'பாம்பி' தயாராவது தெரிந்து, காட்டின் சிறு சிறு ஓவியங்களை வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். அதுவரை போட்டுப் பார்த்த காட்டில் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. மான் அதில் காணாமல் போனது. வாங், சீனத்து சொங் கால நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், நடுவில் மட்டும் விவரம் வைத்து ஓரங்களைப் பனிபோலக் கரைத்துவிட்டார். மான் நிற்கும் இடத்தில் வெளிச்சம், மற்றதெல்லாம் காட்டின் மூச்சு. முழுப் படத்தின் முகமும் அதிலிருந்துதான் வந்தது. அவர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் அதன் பின்விளைவாக 1941-இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1942-இல் படம் வந்தபோது பின்னணி ஓவியர்களின் பட்டியலில் ஒரு பெயராக நின்றார். அதே 'பாம்பி'யில் வேட்டை நாய்கள் பாயும் காட்சியை வரைந்தவர் ரெட்டா ஸ்காட். டிஸ்னியில் அனிமேட்டராகத் திரையில் பெயர் பெற்ற முதல் பெண். நாய்க்கூட்டத்தின் எடையும் வெறியும் அந்தக் காட்சியில் இருப்பதுபோல வேறெங்கும் பார்த்ததில்லை.

மை இழுக்கும் கைகளுக்கு முடிவு வந்தது ஒரு இயந்திரத்தால். 1940-இல் ஸ்டுடியோவுக்குத் திரும்பிய அப் ஐவர்க்ஸ், நகலெடுக்கும் ஜெராக்ஸ் முறையை செல்லுக்கு ஏற்றவாறு மாற்றினார். மின்னேற்றிய தகட்டில் பென்சில் படத்தின் பிம்பம் விழும், கருப்புத் தூள் கோட்டில் மட்டும் ஒட்டும், அது செல்லுக்கு மாறிப் பதியும். 1959-இன் 'ஸ்லீப்பிங் பியூட்டி' பெரும் செலவில் எடுக்கப்பட்டு ஸ்டுடியோவுக்கு நஷ்டம் தந்திருந்தது. 1961-இல் வந்த '101 டால்மேஷன்ஸ்' முழுக்க இந்தப் புது முறையில் வந்தது. உடம்பெல்லாம் புள்ளி வைத்த நாய்க்குட்டிகளைக் கையால் மை இழுத்திருந்தால் படம் முடிந்திருக்காது. அனிமேட்டரின் உயிருள்ள பென்சில் கோடு நேராகத் திரைக்கு வந்ததும் உண்மை. ஆனால் வண்ணக் கோடுகள் போயின, பல ஆண்டுகள் எல்லா முகத்துக்கும் கருப்பு விளிம்பு வந்தது. ஒரு தலைமுறையின் கைத்திறமைக்கு வேலை இல்லாமல் போனது. பெயிண்ட் மேசைகள் இன்னும் கொஞ்ச காலம் இருந்தன. 1990-இன் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' கணினியிலேயே நிறம் பூசப்பட்டது.

செய்த செல்கள் என்ன ஆயின? ஆரம்ப காலத்தில் கழுவித் திரும்பப் பயன்படுத்தினார்கள்; பெயிண்ட் தண்ணீரில் கரையும் என்பதால் அது சுலபமாக இருந்தது. 1938-இலிருந்து சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே காலரி வழியாகச் சிலவற்றை விற்றார்கள், 1955-க்குப் பின் டிஸ்னிலேண்டின் கடையில் விற்றார்கள். மிச்சமிருப்பவை இப்போது மெல்ல அழிகின்றன. 1930-களின் செல் நைட்ரேட். மஞ்சளாகி, நொறுங்கி, அமில வாயு விடும், தீயும் சீக்கிரம் பிடிக்கும். பிந்திய அசிட்டேட் செல்லில் வினிகர் வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். செல் சுருங்கும், பின்னால் உள்ள பெயிண்ட் அதே அளவு சுருங்காது, எனவே விரிசல் விட்டு உரியும். காற்றுப் புகாத கண்ணாடிச் சட்டத்தில் அடைத்தால் தான் விட்ட வாயுவே அதைத் தின்னும். ஈரம் கூடினால் கோந்து இளகிப் பின்னால் உள்ள காகிதத்தோடு ஒட்டும், குறைந்தால் பெயிண்ட் வெடிக்கும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவே கூடாது. ஒட்டிக்கொண்டதைப் பிய்க்கவும் கூடாது. கலைப்பொருள் பாதுகாப்பு ஆய்வு செய்யும் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் டிஸ்னியின் அனிமேஷன் ஆவணக் காப்பகமும் சேர்ந்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. ஈரப்பதத்தை அளவோடு கூட்டி, உரிந்த பெயிண்டைத் திரும்ப செல்லிலேயே ஒட்டவைக்கும் வழி அந்த ஆராய்ச்சியில் வந்தது. எந்தக் கோந்து ஈரத்தால் கெடுகிறதோ அதே கோந்து ஈரத்தால் பிழைக்கிறது.

இந்தக் கைப்பழக்கத்தின் ஒரு கிளை இந்தியாவுக்கும் வந்தது. இந்தியாவில் பிறந்து டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ், 1956-இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி தர வந்தார். அங்கே 'தி பேனியன் டியர்' என்ற படம், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்றிலிருந்து உருவானது. அவரிடம் படித்த இளைஞர்களில் ஒருவர்தான் பின்னாளில் இந்திய அனிமேஷனின் முன்னோடியாக அறியப்பட்ட ராம் மோகன். எக்ஸ்போஷர் ஷீட், முளைப் பலகை, செல் அடுக்கு என்று மேலே சொன்ன அதே ஒழுங்கு கைமாறி வந்தது.

பெயர்கள் பிறகு வந்தன, தாமதமாக. 1987-இல் ஸ்டுடியோ 'டிஸ்னி லெஜெண்ட்' என்ற விருதைத் தொடங்கியது. அப் ஐவர்க்ஸுக்கு 1989-இல். படங்களுக்கு வண்ண மாதிரிகள் வரைந்த ஓவியர் மேரி பிளேருக்கு 1991-இல். ரெட்டா ஸ்காட்டுக்கு 2000-இல். டைரஸ் வாங்குக்கு 2001-இல், அவருடைய 90-ஆவது வயதில். அதற்குப் பிறகும் 2016 வரை, 106 வயது வரை இருந்தார். பர்பேங்க் வளாகத்தின் முற்றத்தில் விருது பெற்றவர்களுக்கு வெண்கலப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது விருது பெற்றவரின் பலகையில் அவருடைய கைகளின் அச்சும் கையெழுத்தும் இருக்கும். இறந்தபின் பெற்றவரின் பலகையில் கைகள் இருக்காது, விருதின் உருவம் மட்டும் இருக்கும். ஐவர்க்ஸ் 1971-இலும் மேரி பிளேர் 1978-இலும் ரெட்டா ஸ்காட் 1990-இலும் இறந்துபோயிருந்தார்கள்.

ரூத்தி டாம்சனுக்கு இந்த விருது 2000-இல், அவருடைய 90-ஆவது வயதில். அதன்பின் 21 வருஷம் வாழ்ந்து, 2021 அக்டோபரில் 111-ஆவது வயதில் காலமானார். அவருடைய பலகையில் இரண்டு கைகளும் இருக்கின்றன, கையுறை இல்லாமல்.